கோடு போட்டு அடித்த விலை

என் போன் அவள் கையில் இருக்கிறது. நானேதான் கொடுத்தேன், பூட்டைக்கூட அவள் கண்ணெதிரே திறந்து, இந்தா கண்ணு என்று நீட்டினேன், நீட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள்தானே எல்லாம் இருக்கிறது. பணம் கட்டின ரசீது இருக்கிறது, அந்தப் புடவைக்காரனிடம் நான் கெஞ்சினது இருக்கிறது, அவன் போட்ட பதில் இருக்கிறது. கொடுத்ததைக் கொண்டா என்று பிடுங்க முடியுமா. உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரியில், நேர் மேலே ஃபேன் ஓட, கழுத்தெல்லாம் வேர்த்துப்போய், கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கிற மருமகளோடு உட்கார்ந்திருக்கிறேன். தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணானவள் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பார்கள், அதனால் பேக்கரி. எனக்கு அந்த வழக்கமெல்லாம் முக்கியம். வழக்கம் வழக்கம் என்றுதானே இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன். சிந்துஜா குனிந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்று இங்கிருந்து தெரியவில்லை. கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கலாம். கண்ணாடி போட்டிருந்தாலும் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். என் காலடியில் துணிப்பையில் அந்தச் சனியன் சுருண்டு கிடக்கிறது, அத்தாட்சிக்கு வேணுமுங்க அத்தை, எடுத்துட்டு வாங்க என்று அவள்தான் சொல்லியிருந்தாள். வந்ததும் பையைத் திறந்து எட்டிப் பார்த்தாள், ஒரு போட்டோ எடுத்தாள், வேறொன்றும் கேட்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஜன்னல் திரை. முகூர்த்தப் புடவை என்று வந்தது ஜன்னல் திரை. இன்றைக்கு ஏழு நாளாகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை, பல் தேய்க்கும்போது திடீரென்று ஞாபகம் வருகிறது, அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கும்போது வருகிறது, வரும்போதெல்லாம் இப்போதுதான் பிரித்த மாதிரி இருக்கிறது. ஆவணி ஒன்று, காலையில் நல்ல நேரம், குளித்துத் தலையில் ஈரத்துண்டு கட்டி, விளக்குப் பொருத்தி, எங்கள் வீட்டுக்காரரை முட்டிவலியோடு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு வைத்துத்தான் கவரை வெட்டினேன். உள்ளே இன்னொரு கவர். அதற்குள் காக்கி நிறத்தில் ஒரு துணி. கசங்கல். முதலில் புடவையைச் சுற்றி வைத்த மேல்துணி என்றுதான் நினைத்தேன், எவ்வளவு பத்திரமாக அனுப்பியிருக்கிறான் என்று ஒரு நொடி மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. உதறினேன். தலைப்பில் வளையம். கம்பியில் கோர்த்து மாட்டுகிற வளையம், எட்டு. ஒரு ஓரத்தில் காப்பிக் கறை. யாரோ வீட்டு ஜன்னலில் தொங்கினதைக் கழற்றிச் சுருட்டி அனுப்பியிருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, இது என்ன துளசி, புது மாடலா என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அப்படியே நின்றேன், கையில் திரை, எதிரே விளக்கு. இருபது நாள் அந்தக் கவருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டியிருக்கிறேன். யார் வீட்டு ஜன்னலோ.

"பார்சல் என்னைக்குங்க அத்தை வந்துச்சு?" என்கிறாள். ஆடி பன்னிரண்டு என்றேன். இங்கிலீஷ் தேதி கேட்டாள், அவளே எதையோ பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டாள். பிரித்தது? ஆவணி ஒன்று. இப்போதுதான் முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். இருபது நாளாகப் பிரிக்காமலேயே வைத்திருந்தீர்களா என்று கேட்கவில்லை, கண்தான் கேட்கிறது. ஆடியில் முகூர்த்தப் புடவை எடுக்கலாமா கண்ணு என்றேன். எடுக்கக் கூடாதுதானே. ஆனால் தள்ளுபடி ஆடியில்தானே போடுகிறான். ஆவணி பிறந்தால் தள்ளுபடியைத் தூக்கிவிடுவான். அதற்குத்தான் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அப்போது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்: பணம் கட்டினால் எடுத்ததாக ஆகாது, கவரைப் பிரித்துத் துணியைத் தொட்டால்தான் எடுத்ததாகக் கணக்கு, ஆகவே ஆடியில் கட்டி ஆவணியில் பிரித்தால் காசும் மிச்சம், சாமிக்கும் குற்றமில்லை. சாமியை ஏமாற்றப் பார்த்தேன், புடவைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான். அவன் எழுதிப் போட்டிருந்தானாம், பார்சல் கைக்கு வந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஒட்டின கவரில் ஆரம்பித்து ஒரே மூச்சில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்க வேண்டும், வீடியோ இல்லாவிட்டால் பணம் இல்லை. பொடி எழுத்தில், கடைசியில். ஆடி மாசத்தைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை. சிந்துஜா போனில் புகார்ப் படிவத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, "தாமதத்துக்குக் காரணம்னு கேட்டிருக்கறாங்க, குடும்ப வழக்கம்னு போட்டுக்கறனுங்க" என்று தட்டுகிறாள். அவள் வேலையே இதுதான். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு, பணம் போனவர்களின் புகாரை எழுதுகிற வேலை. நாளைக்கு நாற்பது பேராம். நாற்பது பேரில் ஒருத்தியாக மாமியாரும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

டீ வந்தது. தேங்காய் பன் ஒன்று வாங்கி இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள், அவள் ஒரு துண்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு இறங்காது. மரியாதைக்கு ஒரு விள்ளல் வாயில் போட்டேன், அது தொண்டையில் நிற்கிறது, டீயை ஊற்றித் தள்ளினேன், நாக்கு பொத்துப்போயிற்று. போனில் இப்போது அவன் பேச்சைப் படிக்கிறாள் போலிருக்கிறது, உதடு லேசாக அசைகிறது. படிக்கட்டும். ஐயா என்று போட்டிருக்கிறேன், தம்பி என்று போட்டிருக்கிறேன், கல்யாணக் காரியமப்பா, வேறு புடவையாவது அனுப்பு என்று போட்டிருக்கிறேன். ஐம்பத்துமூன்று வயசில் எவனோ ஒருவனிடம் அப்படிக் கெஞ்சியிருக்கிறேன். அவன் ஒவ்வொன்றுக்கும் ஓபனிங் வீடியோ சிஸ்டர், ஓபனிங் வீடியோ சிஸ்டர் என்று அதையே போட்டான், மூன்றாம் நாள் ஒரு கும்பிடு பொம்மை போட்டான், நாலாம் நாள் அவன் படமே காணோம், என்னை பிளாக் பண்ணிவிட்டான். என் பிள்ளை லோகேசு சொன்னான், விட்டுத் தொலைம்மா, ஒன்பதாயிரம்தானே, நான் சம்பளத்தில் வேறு வாங்கித் தருகிறேன். அவனுக்கு நிஜ விலை தெரியும். அவனும் அவன் அப்பாவும் தவிர யாருக்கும் தெரியாது. விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் இவள் ரவிக்கை தைக்கத் துணி கேட்டாளே. இரண்டு நாள் இன்றைக்கு அனுப்புகிறேன் நாளைக்கு அனுப்புகிறேன் என்று தள்ளிப் பார்த்தேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா, மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன், ஏமாந்துவிட்டேன் கண்ணு என்று. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சனிக்கிழமை நான் உடுமலைக்கு வருகிறேன், போனைக் கொண்டுவாருங்கள், பணத்தை வாங்கிவிடலாம் என்றாள். நான் வேண்டாம் கண்ணு என்றேன். அவ்வளவு பெரிய தொகையை விட முடியுமா என்றாள். அவ்வளவு பெரிய தொகை.

முப்பத்தெட்டாயிரம். அதுதான் அந்தப் பெரிய தொகை. எப்படி வாயில் வந்தது. புடவைக்குப் பணம் கட்டின அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தியம்மா வசந்தாமணி பல்லடத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஒன்றும் மனசில் வைத்துப் பேசுகிறவர் இல்லை, அதனால்தான் எதைச் சொன்னாலும் நேராக வந்து குத்துகிறது. எங்கள் பெரிய மகளுக்கு அவள் மாமியார் வீட்டில் முப்பத்தைந்துக்கு எடுத்தார்கள் துளசிமணி, இன்னும் பெட்டியில் அப்படியே இருக்கிறது என்றார். நீங்கள் எவ்வளவுக்கு என்று கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன். நாங்கள் முப்பத்தெட்டுங்க என்றேன். பொய்கூட இல்லை என்று அன்றைக்கு ராத்திரி புரண்டு படுத்து எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிந்துஜா படம் அனுப்பிக் காட்டின அந்தப் புடவைக்குக் கீழே, போனில் கடைக்காரன் பக்கத்தில், முப்பத்தெட்டாயிரம் என்றுதானே இருந்தது, கோடு போட்டு அடித்திருந்தது, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அடித்த விலையும் விலைதானே. யாரும் அடித்த விலைக்கு வாங்குவதில்லை என்று அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும்தானே. இல்லை, தெரிந்திருக்காது, அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார், எதற்குங்க இவ்வளவு என்றார், சொன்ன கையோடு அவர்கள் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியிருப்பார். பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் அவர்கள் சித்தப்பா என்னிடமே கேட்டார், முப்பத்தெட்டாமே. ஆமாங்க என்றேன். நுணலும் தன் வாயால் கெடும், நான் இரண்டு தடவை கெட்டேன்.

இப்போது பார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் திருடன், சரி, நான் யார். ஏமாந்தவளுக்கு ஏமாந்தேன் என்று கத்துவதற்காவது உரிமை வேண்டாமா. தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம், ஸ்டேஷனுக்குப் போகலாம், எது செய்தாலும் முதல் கேள்வி எவ்வளவு என்பதுதான். சிந்துஜா பேசிக்கொண்டே தட்டுகிறாள். அவள் கம்பெனிக்கு வந்த ஒரு புகாரைச் சொல்கிறாள், யாரோ ஒரு ஆள், நாலாயிரம் கட்டிவிட்டு ஏழாயிரம் என்று எழுதினானாம், ரசீதோடு ஒத்துப்போகவில்லை என்று முழுப் புகாரையும் தள்ளிவிட்டார்களாம், நாலாயிரமும் போயிற்றாம். எதற்கு இதைச் சொல்கிறாள். சும்மா சொல்கிறாளா. டீ ஆறுவதற்குள் ஏதாவது பேச வேண்டுமே என்று சொல்கிறாளா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பூ வைத்த தலை குனிந்தே இருக்கிறது, விரல்தான் ஓடுகிறது. ரசீதைப் பார்த்துவிட்டாளா. பார்த்திருந்தால் முகம் மாறியிருக்குமே. என் முகம் மாறும். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். இந்தக் காலத்துப் பெண்களுக்கு முகம் வேறு, மனசு வேறு. சே, நல்ல பெண்ணைப் பற்றி என்ன நினைப்பு இது. ரசீது வேறு இடத்தில் இருக்கிறது, அதைத் தேடி எடுக்க வேண்டும், இன்னும் எடுத்திருக்க மாட்டாள். எடுப்பதற்குள் பேட்டரி தீர்ந்துபோனால். காலையில் நூறு காட்டியது. லோகேசு ஏற்றி வைத்துவிட்டான், பொறுப்பான பிள்ளை.

"கேக்கற தொகைன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க அத்தை. எவ்வளவு போடட்டுமுங்க?"

கேட்டுவிட்டாள். கேட்பாள் என்று இவள் வருகிறேன் என்ற அன்றிலிருந்தே தெரிந்தும் இப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி காது அடைத்துப்போயிற்று. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. முப்பத்தெட்டு என்று சொன்னால் என்ன ஆகும். ரசீது ஒன்பதரைக்கு இருக்கும், மீதி கையில் கொடுத்தேன் என்று சொல்லலாம். யார் கையில். பார்சல் கொண்டுவந்தவன் கையில் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன் என்றால் சின்னக் குழந்தைகூட நம்பாது, இவள் நாளைக்கு நாற்பது பேரைக் கேட்கிறவள். அவளே சொன்னாள், மாற்றிப் போட்டால் முழுப் புகாரும் போய்விடும் என்று. போகட்டும். பணம் போனால் போகட்டும், மானம் நிற்கும். நிற்குமா. தள்ளிவிட்டார்கள் என்று தபால் இவள் கண்ணுக்குத்தானே வரும், ஏன் தள்ளினார்கள் என்று இவள்தானே படிப்பாள். ஒன்றும் போடாதே கண்ணு, விட்டுவிடு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று எழுந்து போய்விடலாம். இப்போதே எழுந்துவிடலாம், பாதி பன் இருக்கிறது, பையை எடுத்துக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்று. அப்புறம் பல்லடத்தில் என்ன பேச்சு நடக்கும், முப்பத்தெட்டாயிரத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விடுகிற அளவுக்கு அவ்வளவு பெரிய வீடா அது என்று. இல்லாவிட்டால், புடவையே வாங்கவில்லை, வாங்கின மாதிரி ஒரு கதை கட்டுகிறார்கள் என்று. ஐயோ, அது இன்னும் மோசம். ஒரு பொய்க்கு எத்தனை முட்டுக்கொடுப்பது. எங்கள் வீட்டுக்காரர் முட்டிக்கு ஆபரேஷன் செய்ததில் கையிருப்பு கரைந்தது, மில்லில் அரைச் சம்பளம், இதைச் சொல்லி ஒன்பதரைக்குத்தான் முடிந்தது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார், பாவம் என்று நினைத்திருப்பார். பாவம் என்று நினைக்கப்படுவதற்குப் பதில் பொய் சொல்லலாம் என்று என் நாக்கு எனக்கு முன்னால் முடிவு செய்துவிட்டது. இவள் என் வீட்டில் விளக்கேற்றப் போகிறவள். நாளைக்குச் சமையல்கட்டில் நான் உப்புப் போட்டாயிற்று என்றால்கூட இவள் ருசி பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அவள் இன்னும் காத்திருக்கிறாள். அவசரப்படுத்தவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைக்கிறாள். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன்.

"ஒம்பதாயிரத்து ஐநூறு கண்ணு" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. "உங்கம்மாகிட்டச் சொன்னது பொய்."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஒம்பதரை போட்டு கால் மணி நேரம் ஆச்சுங்க அத்தை" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கால் மணி நேரம் என்றால் டீ வருவதற்கு முன்னால். பன் வெட்டி என் பக்கம் நகர்த்துவதற்கு முன்னால். அந்த நாலாயிரத்து ஆளின் கதைக்கும் முன்னால். எல்லாம் தெரிந்தேதான் எவ்வளவு போடட்டும் என்று கேட்டிருக்கிறாள், தெரிந்தேதான் நான் வாயைத் திறந்து மூடியதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறாள். ரசீதில் பார்த்தாயா கண்ணு என்று கேட்டேன். ரசீது எதுக்குங்க, படம் அனுப்பினதே நாந்தானுங்களே என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் புடவைப் படத்தை எனக்கு அனுப்பினவள் இவள். அந்தப் பக்கத்தில் பார்த்து எடுத்து அனுப்பினவளுக்குக் கீழே இருந்த விலை தெரியாமல் இருக்குமா, அடித்ததும் தெரியும், அடிக்காததும் தெரியும். எத்தனையோ புடவை இருக்க, ஒன்பதரை என்று பார்த்துத்தான் இதைப் பிடித்திருக்கிறது என்று அனுப்பியிருக்கிறாள். லோகேசு தன் அப்பாவின் ஆபரேஷனைப் பற்றி இவளிடம் சொல்லாமலா இருந்திருப்பான். சம்பந்தியம்மா வீடியோவில் பேசினபோது பின்னால் யாரோ உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்களே, அது இவள்தானே. முப்பத்தெட்டு என்று நான் சொன்னது அங்கே கேட்டிருக்கும். ஒரு மாசமாகத் தெரியும். ஒரு மாசமாக என்னை அத்தை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், நானாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். திரையை உதறினபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அவமானமா, பயமா, என்னவென்றே தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். பச்சைக் கட்டத்தைக் காட்டி, உங்க புகாருங்க அத்தை, நீங்களே அழுத்துங்க என்றாள். அழுத்தினேன். ஏதோ நீளமாக ஒரு எண் வந்தது. வருமா கண்ணு என்று கேட்டேன். பாதிப் பேருக்கு வரும், வீடியோ இல்லை, இருந்தாலும் பார்க்கலாம் என்றாள். ரவிக்கைக்கு வேறு துணி பார்த்துக்கொள்ளலாம், பெரியம்மா கல்யாணப் புடவை ஒன்று எங்கள் வீட்டில் நன்றாகவே இருக்கிறது, அதை உடுத்திக்கொள்கிறேன் என்றாள், ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவள் மாதிரி. மாப்பிள்ளை வீட்டுப் புடவை இல்லாமலா என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. உங்கம்மாவிடம் நீ எதுவும் சொல்லிவிடாதே என்று கேட்கவும் வாயெடுத்தேன், அதையும் விழுங்கினேன். அவளுக்கு அது கேட்டுவிட்டது போல.

"நான் சொல்ல மாட்டனுங்க அத்தை. நீங்க சொன்னதை நீங்கதானுங்க மாத்தோணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து பேசின அதே குரல். "அம்மா இந்நேரம் ஊட்லதான் இருக்குமுங்க."

சொல்லிவிட்டு என் போனைக் கர்ச்சீப்பால் துடைத்து மேஜைமேல் வைத்தாள், என் பக்கமாக. தன் தம்ளரை எடுத்துக்கொண்டு இன்னொரு டீ சொல்லப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, நான் கூப்பிடுகிறேனா இல்லையா என்று பார்க்கிறவள் மாதிரியும் தெரியவில்லை, கவுண்டரில் சாய்ந்து நின்று கண்ணாடிப் பெட்டியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணோடுதான் இனி நான் ஒரே வீட்டில் இருக்கப் போகிறேன், எனக்கு ஆயுசு இருக்கிற வரைக்கும். பேர்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன, கண்ணைத் துடைத்துக்கொண்டு வசந்தாமணி சம்பந்தி என்று இருந்ததை அழுத்திக் காதில் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.